வெள்ளிக்கிழமை வாளி

பொபினி அண்ணை தன் மீனை என் வீட்டில் விட்டுவிட்டுப் போன அன்று, இரண்டு தரம் வாசல்வரை போய் இரண்டு தரமும் திரும்பி வந்தார்.

"தம்பி, இவர் செத்த சாப்பாடு தின்னமாட்டார். உயிரோட ஊருறது மட்டும்தான்."

"தெரியும் அண்ணை."

"உறையவைச்சதை உருக்கிக் குடுத்துப் பாக்காதையும். பட்டினி கிடப்பாரே ஒழிய வாய் வைக்கமாட்டார். நாலு வருசம் பழகினனான், எனக்குத் தெரியும்."

மீனுக்கு 'இவர்', எனக்கு 'நீர்'. மரியாதை எந்தப் பக்கம் கூடுதல் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது.

அண்ணைக்கும் எனக்கும் இடையில் இருந்தது உப்புத் தண்ணீர் உறவு. அவர் மன்னார்க் கத்தோலிக்கர், பொபினி என்கிற புறநகரில் இருப்பவர், பெயரும் அதனால்தான், ஓர் அலுவலகத்தில் வேலை, என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. நான் யாழ்ப்பாணம், ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு நகைக்கடையில் இருபது வருடமாகக் கண்ணில் கண்ணாடி இடுக்கிக்கொண்டு குனிந்திருப்பவன். இந்தப் பாரிஸில் தமிழர்கள் சந்தித்தால் பேச விசா, வீடு, கல்யாணம் என்று எவ்வளவோ இருக்க, நாங்கள் இருவரும் தொலைபேசியில் பவளப்பாறையும் பாசியும் பேசிக்கொண்டிருப்போம். வீட்டுக்கு ஒரு கடல். அவருடையது பெரியது, என்னுடையது சாப்பாட்டு மேசை அகலம். அவர் வீடு மாறினார். பழைய தொட்டியைக் கழற்றிவிட்டார். புதுத் தொட்டியில் தண்ணீர் பழகி, கல்லில் உயிர் பிடித்து, ஒரு மீன் வாழத் தோதாக வர ஆறு வாரமாவது வேண்டும். அதுவரை மற்ற மீன்களைக் கடைக்காரர் ஒருவர் வைத்துக்கொண்டார். இந்த ஒருவரை மட்டும் அண்ணை கடைக்காரரை நம்பி விடவில்லை. என்னை நம்பி விட்டார். அதுதான் அவர் வாழ்க்கையில் எடுத்த பலவீனமான முடிவு.

மண்டரின் மீன் என்று பெயர். சுண்டுவிரல் நீளம்தான். நீல உடம்பில் செம்மஞ்சள் கோடுகள் வளைந்து வளைந்து போகும். என் தொழிலில் இப்படி ஒரு வேலைப்பாட்டைக் கையால் செய்தவரை நான் இன்னும் காணவில்லை. நீந்தாது. கல்லின் மேல் தத்தித் தத்தி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு கொத்து. பிறகு நகர்ந்து இன்னொரு கொத்து. விடிந்ததிலிருந்து விளக்கு அணையும்வரை இதே வேலை. கொத்துவது கோப்பெப்பொட் என்கிற பூச்சியை. அரிசியை நூறாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. தண்ணீருக்குள் வெள்ளைப் புள்ளியாகத் துள்ளும். என் மனைவி அதற்கு வைத்த பெயர் பேன்.

"மனுசர் தலையிலை பேன் வந்தா எண்ணெய் வைச்சு வாருவினம். இவர் போத்திலிலை விட்டு வளக்கிறார்" என்று தன் அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தது என் காதிலேயே விழுந்தது.

வளர்த்தேன், ஓம். குசினி யன்னலில் மூன்று சோடாப் போத்தில்களில் பச்சைத் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத கடல் பாசி அது. உப்புத் தண்ணீரில் கொஞ்சம் விட்டு, உரம் இரண்டு சொட்டுப் போட்டு, மெல்லிய குழாயால் காற்று விட்டு, வெளிச்சத்தில் வைத்தால் ஒரு கிழமையில் வல்லாரைச் சாறுபோலக் கடும் பச்சையாகும். அந்தப் பச்சையைப் பக்கத்தில் நிற்கும் மற்ற இரண்டு போத்தில்களிலுள்ள பேன்களுக்குக் கொடுத்தால் அவை பெருகும். பெருகியதைத் துணியில் வடித்துத் தொட்டியில் விட்டால் மீன் கொத்தும். பாசியைத் தின்னப் பேன், பேனைத் தின்ன மீன், எல்லாவற்றையும் கழுவ நான். இதில் தவறு நடக்க இடமே இல்லை.

ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எனக்கு இடம் தேவையில்லை.

பொபினி அண்ணை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து மெத்ரோவில் ஏறுமுன் எனக்கு அழைப்பார். சுகமா என்று கேட்பதில்லை.

"வயிறு எப்பிடி?"

"எனக்கோ?"

"பகிடியை விடும். இவருக்கு."

இந்த மீனின் உயிர் வயிற்றில்தான் தெரியும். வயிறு வெளியே தள்ளி உருண்டிருந்தால் நல்லம். தட்டையானால் கவனம். உள்ளே ஒட்டினால் போச்சு. நாள்தோறும் இப்படிக் கேட்டுக் கேட்டு, நான்காம் நாள் எனக்கே வயிறு ஒட்டியதுபோல ஒரு கலக்கம் வந்துவிட்டது. மீன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் நன்றாக இல்லை. பேன் போதாமல் போனால்? போத்தில் கெட்டுப்போனால்? தொட்டிக்குள்ளேயே பேன் பெருகினால் நல்லதுதானே? அப்படிப் பெருக அங்கேயும் பச்சைத் தண்ணீர் வேண்டும்தானே? ஒரு கோப்பை விட்டேன். அடுத்த நாள் இரண்டு. கிழமை முடிவில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வேலைக்குப் போகும் அவசரத்தில் விட்டேனா விடவில்லையா என்று சந்தேகம் வந்தால் இன்னொன்று.

தின்பார் இல்லாத பச்சைத் தண்ணீர் செத்து உரமாகும் என்பதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பதற்றம் வந்தவனுக்குத் தன் புத்திமதி தன் காதில் ஏறாது. மூன்றாம் கிழமை என் கற்களில் முடிப்பாசி முளைத்தது. முதலில் ஓரத்தில் மீசை அளவு. பிறகு தாடி. பிறகு பவளம் எது கல் எது என்று தெரியாமல் தண்ணீரின் ஓட்டத்தில் பச்சை முடி அலைந்தது.

என் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து பையைக்கூடக் கழற்றாமல் பார்த்துவிட்டு, "பப்பா, செ தூன் பெலூஸ்" என்றாள். புல்தரை என்கிறாள்.

"அது பாசி."

"மேய விட ஆடு வாங்குவமா?" என்று அதைமட்டும் நல்ல தமிழில் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நையாண்டி என்றால் மட்டும் இவளுக்குத் தாய்மொழி வந்துவிடும்.

நான் வெள்ளிக்கிழமை லீவு எடுத்தேன். முதலாளி காரணம் கேட்டார். வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்றேன். பொய் இல்லை, அந்த ஒருவர் நான்தான்.

அன்றைக்கு நான் செய்த துப்புரவை ஒரு வைத்தியசாலைக்குச் செய்திருந்தால் விருது தந்திருப்பார்கள். கல் கல்லாக வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் வைத்து, பல்தூரிகையால் உரசினேன். விரலால் பிடுங்கினேன். பெண்களின் தலைமுடி தண்ணீர்க் குழாயில் அடைத்தால் இழுத்தெடுப்போமே, அப்படி இழுத்தேன். நான்கு தூரிகை தேய்ந்தது, அதில் ஒன்று மகளுடையது என்பது மறுநாள் காலையில்தான் தெரியவந்தது. கற்கள் வெள்ளையாகும்வரை விடவில்லை. பேன் போத்தில்களின் சுவரிலும் பச்சை படிந்திருந்தது கண்ணில் பட்டது. சுத்தம் என்றால் முழுச் சுத்தம்! உள்ளே இருந்த பேன்களையெல்லாம் வடித்துத் தொட்டிக்குள் கொட்டிவிட்டு, போத்தில்களைச் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்தேன். கடைசியாகத் தொட்டித் தண்ணீரில் மிதந்த தூசியைப் பிடிக்க மிக மெல்லிய வடிதுணியைப் பூட்டி இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அந்தத் துணியையும் சுடுதண்ணீரில் அலசினேன். இப்போது இதை எழுதும்போதே தெரிகிறது, அந்தத் துணியில் தூசியோடு எது எது சேர்ந்து போனது என்று. அன்றைக்குத் தெரியவில்லை. அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சியது அந்த வாளி. பாதி உப்புத் தண்ணீர், பாதி பிடுங்கிய பாசி. கழிவறையில் ஊற்றலாம் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். நடையில் மனைவி நின்றாள். சாமியறை என்று நாங்கள் சொல்வது நடை அலுமாரியின் ஒரு தட்டு. அதில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எங்கை கொண்டு போறியள்?"

"ஊத்தப் போறன்."

"விளக்கு வைச்சாச்சு. வெள்ளிக்கிழமை. இப்ப உப்பை வெளியாலை விடக்கூடாது."

"இஞ்சேரும், இது உப்பு இல்லை. ஊத்தைத் தண்ணி."

"உப்புத் தண்ணியிலை உப்பு இல்லையோ?"

நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் வாளியைக் கீழே வைக்காமல் அறிவியல் பேசுவது கஷ்டம். எங்கள் வீட்டில் விளக்கு வைத்தபிறகு பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டாலும் உப்புக் கொடுக்கமாட்டாள், ஊசியும் கொடுக்கமாட்டாள். மூன்றாம் மாடியில் இருக்கும் பிரெஞ்சுக்காரக் கிழவி ஒருதரம் கேட்டுவந்தபோது, உப்பு முடிந்துவிட்டது என்று சொல்லி, பதிலுக்கு ஒரு தட்டு வடை கொடுத்து அனுப்பியவள்.

"கழிவறைக்குள்ளை லட்சுமியை ஊத்திப்போட்டு நாளைக்குக் கடையிலை யாவாரம் இல்லை எண்டு வந்து நிக்கக்கூடாது" என்றாள்.

கடை என்னுடையது இல்லை, வியாபாரம் இல்லாவிட்டால் என் முதலாளியின் லட்சுமிதான் போவாள் என்று சொல்ல நினைத்தேன். பசித்தது. வாளியைக் கொண்டுபோய் பால்கனியில், துணி காயும் கம்பிக்குக் கீழே வைத்தேன். மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் நான்காம் மாடிப் பால்கனி என்பது ஒரு கதிரை அகலம். காலையில் ஊற்றலாம்.

காலை சனிக்கிழமை. கல்யாணக் காலத்துச் சனிக்கிழமையில் எங்கள் கடையில் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது, வாளி எங்கே ஞாபகம் வரும்?

தொட்டியின் படத்தை அண்ணைக்கு அனுப்பினேன். கண்ணாடிபோல இருந்தது. நகைக்கடை யன்னலில் வைக்கலாம்.

"நல்லாத்தான் கிடக்கு" என்று எழுதினார். "வயிறு எப்பிடி?"

மூன்று நாளில் வயிறு தட்டை. ஆறாம் நாள் இடுப்பெலும்பு இருக்கும் மீனை நான் முதல்முதலாகப் பார்த்தேன். இவர் கல்லுக்குக் கல் போனார், தலையைச் சாய்த்தார், பார்த்தார், கொத்தவில்லை. கொத்த ஒன்றும் இல்லை. நான் கவிழ்த்து வைத்த போத்தில்கள் யன்னலில் பளபளத்தன.

வயிறு தட்டையான அன்றே இணையத்தில் பேன் வாங்கியிருந்தேன். கிரேவ் வந்தது. இந்த நாட்டில் எனக்குப் பதற்றம் வரும் நாளாகப் பார்த்து எல்லாரும் வேலைநிறுத்தம் செய்வார்கள். ஒரு நாளில் வரவேண்டிய பொதி மூன்றாம் நாள் வந்தது, திறந்தவுடன் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "கருவாட்டுக்கோ காசு குடுத்தனீங்கள்?" என்றாள். ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ப் பூச்சியின் முட்டை பொரிக்க வைத்தேன். செம்மஞ்சள் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் மிதந்து வந்தன. தொட்டியிலிருந்த என் மீன்கள் கலியாண வீட்டுப் பந்திபோல விழுந்தன. இவர் ஒன்றைப் பார்த்தார், அது நீந்திப் போனது, இவரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஊர வேண்டுமாம். நீந்துவது சாப்பாடு இல்லையாம்.

அண்ணை படத்தோடு பேசவேண்டும் என்று அழைத்தார்.

"இவரைக் காட்டும்."

நான் தொலைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். அவ்வளவு கிட்டத்தில் எந்த மீனும் சுறாதான்.

"உதென்ன, கண் மட்டும் தெரியுது?"

"வெக்கப்படுறார் அண்ணை."

"பக்கவாட்டிலை பிடியும்."

"இப்ப நித்திரைக்குப் போறார்."

"பின்னேரம் அஞ்சு மணிக்கோ?"

பிறகு அவர், "ஞாயிற்றுக்கிழமை நான் வாறன், தங்கச்சியிட்டைச் சொல்லும்" என்றார். தங்கச்சி என்றால் என் மனைவி. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

சனி முழுக்கக் கடையில் நின்றபடி வசனம் தயாரித்தேன். 'அண்ணை, ஒரு சின்ன விஷயம்' என்று தொடங்குவதா? 'அண்ணை, முதலில் சாப்பிடுங்கோ' என்று தொடங்குவதா? ஒரு மணமகளின் தாய் தாலிக்கொடியை வாங்கிப் பார்த்து, "பாரம் குறைவாக் கிடக்குமோ?" என்று கேட்க, நான், "ஓம், ஒரு கிழமையா ஒண்டும் தின்னேல்லை" என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னைக் கோப்பி குடித்துவிட்டு வரச் சொன்னார்.

ஞாயிறு காலை இவர் தொட்டியின் மூலையில், கண்ணாடியில் சாய்ந்தமாதிரிக் கிடந்தார். உயிர் இருந்தது. செட்டை அசைந்தது. இன்னும் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. நான் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தேன். பகிடி ஒன்றும் வரவில்லை. அண்ணை தனியாள். மனைவி காலமாகி நான்கு வருடம், பிள்ளைகள் லண்டனில். இந்த மீனை வாங்கியது எப்போது என்று எனக்குத் தெரியும். அதை நான் இதுவரை யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

குசினியில் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. மனைவி விருந்தாளி வருகிறார் என்று பால்கனியைத் துப்புரவாக்கப் போனாள். வாளி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. பிறகு,

"இஞ்சேருங்கோ! இஞ்சை ஓடி வாங்கோ!"

எலி என்று நினைத்தேன்.

"உங்கட பேன் எல்லாம் இதுக்கை நிக்குது."

ஒன்பது நாள் வெயிலில் நின்ற வாளி. தண்ணீர் தெளிந்திருந்தது. பாசி சாகவில்லை, கொழுத்துக் கிடந்தது. வாளியின் வெள்ளைச் சுவரில் கருப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஆயிரம் புள்ளிகள் துள்ளின. நான் நம்பவில்லை. உள்ளே ஓடிப்போய் கடையிலிருந்து கொண்டுவரும் கண்ணாடியை எடுத்து வந்து கண்ணில் இடுக்கிக்கொண்டு, முழங்காலில் நின்று, வாளிக்குள் தலையை விட்டேன். வைரத்தில் கீறல் பார்க்கும் கண்ணாடி அது. ஒவ்வொரு பாசி இழையிலும் அவை தொங்கின, ஏறின, இறங்கின. சில பெட்டைகள் வாலுக்குப் பக்கத்தில் இரண்டு முட்டைப் பைகளைச் சிமிக்கிபோலத் தூக்கிக்கொண்டு திரிந்தன.

என் தொட்டியில் பேன்கள் குடியிருந்தது கல்லில் இல்லை. அந்த முடிக்குள். நான் தாடி என்று சிரைத்தது அவர்களுடைய ஊர். பதறிப் பதறிப் பச்சைத் தண்ணீர் ஊற்றி நானே ஓர் ஊரை உண்டாக்கி, பதறிப் பதறி நானே அதைப் பிடுங்கி, கழிவறையில் ஊற்றப் போயிருக்கிறேன்.

"ஊத்தியிருந்தா?" என்றாள் மனைவி. இந்த ஒரு கேள்வியை அவள் அன்றிலிருந்து இன்றுவரை குறைந்தது எண்பது தரம் கேட்டிருக்கிறாள். புளியைக் கரைத்துக்கொண்டு கேட்பாள். மெத்ரோவில் கேட்பாள்.

ஒரு சிக்கல் மட்டும். பேன் வேண்டும் என்றால் பாசியும் உள்ளே போகவேண்டும். லீவு எடுத்து, நான்கு தூரிகை தேய்த்து, நகம் பச்சையாகும்வரை பிடுங்கியதை, என் கையாலேயே திரும்பக் கொண்டுபோய் வைக்கவேண்டும். வெங்காயம் வந்த வலைப்பை ஒன்றைக் கழுவி, பாசியில் ஒரு பிடியை அதற்குள் அடைத்து, இவர் கிடந்த மூலையில் தொங்கவிட்டேன். பளிங்குத் தொட்டிக்குள் சிவப்பு வலையில் ஒரு பச்சைச் சவுரி. மகள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலைக் கண்ணுக்குள்ளால் முதல் புள்ளி வெளியே வந்து கண்ணாடியில் ஊர்ந்தது. இவர் தலையைச் சாய்த்தார். பார்த்தார். இன்னும் பார்த்தார்.

கொத்தினார்.

நான் கத்திய சத்தத்தில் ஆட்டிறைச்சி அடிப்பிடித்ததாக மனைவி சொல்கிறாள். அது அதற்கு முதலே பிடித்துவிட்டது என்பது என் கட்சி.

அண்ணை பன்னிரண்டு மணிக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றியவுடன் நேரே தொட்டி. குனிந்தார். ஒட்டிய வயிற்றையும் வெங்காய வலையையும் பார்த்தார். நான் தயாரித்து வைத்த வசனம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எல்லாவற்றையும் வந்த ஒழுங்கில் சொன்னேன், பச்சைத் தண்ணீர், புல்தரை, துப்புரவு, வடிதுணி, ஐந்து மணி நித்திரை. அவர் நிமிராமலே கேட்டார். இவர் இன்னொரு கொத்துக் கொத்தினார்.

"என்ரை தொட்டியிலை கல்லுக்குப் பின்னாலை ஒரு பாசிப் பத்தை கிடந்ததே, கண்டனீரோ?"

"கண்டனான். ஊத்தையாக் கிடக்கு எண்டு நினைச்சனான். சொன்னாக் குறை நினைப்பியள் எண்டு விட்டிட்டன்."

"நானும் உம்மட தொட்டியிலை ஒண்டும் இல்லையே எண்டு நினைச்சனான். சொன்னாக் குறை நினைப்பீர் எண்டு விட்டிட்டன்."

இருவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அவர் சிரித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கொஞ்சம் கூடுதல் நேரம் துடைத்தார்.

"அடிப்பிடிச்ச இறைச்சிதான், சாப்பிட வாங்கோ அண்ணை" என்றாள் மனைவி.

அதன் பிறகு நான் வாளியை ஊற்றவில்லை. பால்கனியில் இப்போது இரண்டு வாளி. தொட்டிக்குப் பச்சைத் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் என் கை போனால் மகள், "பப்பா, ஸ்டொப்" என்பாள். கற்களில் பாசி மீசை அளவு வந்தால் புதிதாக வாங்கி விட்ட நத்தைகள் மேய்கின்றன. பின்னாலிருக்கும் ஒரு பத்தையை நான் தொடுவதில்லை. மூன்று கிழமையில் இவருக்கு வயிறு வந்தது. எனக்கு முதலே இருந்தது.

புதுத் தொட்டி தயாரானதும் அண்ணை இவரைக் கூட்டிப்போக வந்தார். வேலை முடிந்து நேரே வந்தது, லா ஷப்பல் பக்கம் தெருநெரிசல், வந்து சேரப் பிந்திவிட்டது. கையில் மீன் பையும் பாசிக்கு ஒரு மூடி வாளியும். நடையில் விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமை. நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி மீன் பையைப் பார்த்தாள்.

"அண்ணை, மீனைக் கொண்டு போங்கோ. தண்ணியை நாளைக்குக் கொண்டு போங்கோ."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தண்ணி இல்லாமல் இவர் எப்பிடித் தங்கச்சி வருவார்?"

"அப்ப அவரும் நாளைக்கு வரட்டும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். "எனக்கு உங்கட லட்சுமியோட சண்டை வேண்டாம். எங்கட அம்மாவும் மன்னாரிலை இதே கதைதான் சொல்லுறவ" என்றார்.

மனைவி இடியப்பத்துக்கு மா குழைக்கப் போனாள். நான் கதிரை இரண்டை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டேன். தொட்டி விளக்கு அணைய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இவர் வலைப்பைக்குக் கீழே நின்று, தலையைச் சாய்த்து, கொத்திக்கொண்டிருந்தார்.

"வயிறு எப்பிடி?" என்று நான் கேட்டேன்.

"உமக்கோ?" என்றார் அண்ணை.